ஜெயிச்சா கடலைமிட்டாய்: ஒரு பந்தயச் சீட்டின் பூர்வீகம்

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நேத்து வரைக்கும் நானும் "ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா எங்க ஆபீஸ்ல மூணு சீசனா ஓடிக்கிட்டிருக்கிற ஆருடப் போட்டிக்கு அதுதான் கோப்பை, அதுதான் பதக்கம், அதுதான் பரிசுத்தொகை. ஞாயித்துக்கிழமை ரேஸ்ல யார் ஜெயிப்பாங்கன்னு சரியா சொன்னவருக்கு திங்கக்கிழமை ஒரு பாக்கெட். 2020ல புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய், சும்மாவா?

முதல்ல விதிகளைச் சொல்லிடறேன். பதினெட்டு பேர். தகுதிச்சுற்று தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் எக்செல் தாள்ல மூணு கேள்விக்குப் பதில் போடணும். முதல் இடத்துலேர்ந்து யார் கிளம்புவாங்க? முதல் ஐந்து இடம் யார் யாருக்கு? எத்தனை கார் பாதியில நிக்கும்? சரியான ஆள் சரியான இடத்துல இருந்தா 10 புள்ளி. ஆள் சரி, இடம் தப்புன்னா 4. மத்த ரெண்டு கேள்விக்கும் ஆளுக்கு 5. அவ்வளவுதான். வெறும் ரெண்டு ஃபார்முலா, ஒரு பூட்டு போட்ட தாள்.

இந்த வருஷம் சீசன் தொடங்கறப்ப டீம்ல ஒருத்தர் கேட்டார். "பாஸ், ஆளுக்கு நூறு ரூபா போடுவோம், அப்பதான் ஒரு கிக் இருக்கும்." இன்னும் நாலு பேர் தலையாட்டினாங்க. நான் முடியாதுன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. அந்த "ஏன்"க்குப் பதில் தேடிப் போனப்ப கிடைச்ச சமாச்சாரம்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கல்கத்தாவும் மெல்போர்னும்

ஒரே இடத்துல வேலை பாக்கிறவங்க, ஒரே கிளப்புல இருக்கிறவங்க கூடி, எங்கேயோ தூரத்துல நடக்கிற பந்தயத்துக்குப் பணம் சேர்த்து ஜெயிச்சவருக்குக் கொடுக்கிற பழக்கம் நம்ம ஐடி கம்பெனிகள் கண்டுபிடிச்சது இல்ல. ஆஸ்திரேலியாவுல 1861லேர்ந்து நடக்கிற மெல்போர்ன் கோப்பை குதிரைப் பந்தயத்துக்கு, ஆபீஸ் ஆபீஸா குதிரைப் பேரைச் சீட்டெழுதித் தொப்பியில போட்டு எடுக்கிறது இன்னிக்கும் நடக்குது. குதிரையைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களும் அன்னிக்கு ஒரு நாள் நிபுணர்.

அதைவிட நமக்கு நெருக்கமானது கல்கத்தா. இங்கிலாந்துல எப்சம்ல டெர்பி பந்தயம் ஓடும். அதுக்கு இங்க ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் சீட்டு வித்து, குதிரைகளைக் குலுக்கல்ல கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல உலகம் பூரா பேர்போன சீட்டு அது. கூட்டா சேர்ந்து, ஒவ்வொரு போட்டியாளரையும் ஏலம் விட்டு, வசூலான தொகையை ஜெயிச்ச ஆளை ஏலம் எடுத்தவருக்குப் பிரிச்சுக் கொடுக்கிற முறைக்கு இங்கிலீஷ்ல பேரே "கல்கத்தா"தான். கோல்ஃப் கிளப்புல இன்னிக்கும் அந்தப் பேர்லயே நடத்தறாங்க. நம்ம ஊர் பேரு எதுக்கெல்லாம் போயிருக்கு பாருங்க!

ஆனா இதுல ஒரு கணக்குச் சிக்கல் இருக்கு. குலுக்கல்ல உங்க அறிவுக்கு வேலையே இல்ல. நொண்டிக் குதிரை வந்தா உங்க தலைவிதி. சரி, பிடிச்ச குதிரை மேல நீங்களே கட்டலாம்னா, எதிர்ப்பக்கம் ஒரு புக்கி உக்காந்திருப்பார். ஒண்ணுக்கு மூணு, ஒண்ணுக்கு அஞ்சுன்னு விகிதம் சொல்றது அவர். நீங்க தோத்தா அவருக்கு லாபம். அவர் தோக்கிற மாதிரி விகிதம் போடவே மாட்டார்.

இதுக்கு மாத்து கண்டுபிடிச்சவர் பாரிஸ்ல இருந்த ஜோசப் ஒல்லர். காலம் 1860கள். எல்லாரோட பணத்தையும் ஒரே உண்டியல்ல போடு, நடத்துறவர் தன் பங்கை எடுத்துக்கட்டும், மிச்சத்தை ஜெயிச்ச குதிரை மேல கட்டினவங்க பிரிச்சுக்கட்டும். அவ்வளவுதான் யோசனை. இருபது பேர் பத்துப் பத்து ரூபா போட்டா 200. நாலு பேர் சரியாச் சொன்னா ஆளுக்கு 50. நடத்துறவர் பத்து சதவீதம் எடுத்தா ஆளுக்கு 45. யார் ஜெயிச்சாலும் நடத்துறவருக்கு அதே 20 ரூபாதான். அதனால அவருக்கு யார் தோக்கணும்ங்கிற கவலை கிடையாது. ஆட்டக்காரர்கள் மோதுறது தங்களுக்குள்ள மட்டும்தான். இந்த ஒல்லரையும் ஒரு தடவை சூதாட்டக் குற்றம்னு உள்ள தள்ளினாங்க. வெளிய வந்தவர் சும்மா இருக்கல. 1889ல கூட்டாளியோட சேர்ந்து அவர் திறந்த கேளிக்கை விடுதி பேரு மூலான் ரூஜ். பாரிஸ் போனவங்க அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க.

நிராகரிக்கப்பட்ட ஒரு பொறியாளர்

இனிமே சொல்லப்போறது நம்ம சாதிக்கு, அதாவது பொறியியல் படிச்சுட்டு முழிக்கிற சாதிக்கு :-)

உண்டியல் முறையில ஒரு பெரிய தலைவலி இருக்கு. பந்தயம் தொடங்கற கடைசி நிமிஷம் வரைக்கும் பல கவுண்டர்ல சீட்டு வித்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு குதிரை மேலயும் எவ்வளவு, மொத்தம் எவ்வளவுன்னு உடனுக்குடன் கூட்டணும். ஆளை வெச்சுக் கூட்டினா தப்பு வரும். தப்பு வந்தா திருட்டுன்னு பேர் வரும்.

ஜார்ஜ் ஜூலியஸ்னு ஆஸ்திரேலியாவுல ஒரு பொறியாளர். தேர்தல் ஓட்டை எண்றதுக்கு ஒரு இயந்திரம் வடிவமைச்சார். அரசாங்கம் வேண்டாம்னுடுச்சு. நம்மளா இருந்தா அந்த கோடை ஒரு மூலையில போட்டுட்டு வேற கம்பெனி பாத்திருப்போம். அவர் யோசிச்சார். ஓட்டுன்னா என்ன? பல இடத்துலேர்ந்து ஒரே நேரத்துல வர்ற எண்ணிக்கை, ஒண்ணு கூட விடாம, வேட்பாளர் வாரியா கூட்டணும். பந்தயச் சீட்டும் அதேதானே! வேட்பாளருக்குப் பதிலா குதிரை.

1913ல நியூசிலாந்து ஆக்லாந்து பக்கத்துல எல்லர்ஸ்லி மைதானத்துல அவரோட இயந்திரம் ஓட ஆரம்பிச்சது. பல்சக்கரம், கம்பி, எடைக்கல், அவ்வளவுதான். ரெண்டு கவுண்டர்ல ஒரே நொடியில ஒரே குதிரைக்குச் சீட்டு அடிச்சாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அழியாம ரெண்டும் கணக்குல சேரணும். நாம இன்னிக்கு இந்தப் பிரச்சினைக்கு "ரேஸ் கண்டிஷன்"னு பேர் வெச்சு ராத்திரி பூரா பக் தேடுறோம். அந்த மனுஷன் நிஜமான ரேஸ்ல, இரும்பை வெச்சு, கம்ப்யூட்டர்ங்கிற பேச்சே இல்லாத காலத்துல தீர்த்து வெச்சுட்டுப் போயிட்டார். எங்க எக்செல் தாள்ல பதினெட்டு பேர் ஒரே நேரத்துல எழுதறப்ப நான் அவரைத்தான் நினைச்சுக்குவேன்.

கிண்டியும் சோழவரமும்

சரி, நம்ம மெட்ராஸுக்கு வருவோம்.

கிண்டியில குதிரைப் பந்தயம் 1777லேர்ந்தே நடக்கறதா சொல்வாங்க. அதைச் சூதுன்னு சொல்றதா, விளையாட்டுன்னு சொல்றதான்னு நம்ம சட்டங்கள் ரொம்ப நாளா தடுமாறியிருக்கு. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தோட 30வது பிரிவைப் பாருங்க. பந்தயம் கட்டின ஒப்பந்தம் செல்லாது, கோர்ட்டுல போய்க் கேக்க முடியாதுன்னு சொல்லும். அடுத்த மூச்சுலயே, குதிரைப் பந்தயத்துக்கு 500 ரூபாயோ அதுக்கு மேலயோ பரிசு வெச்சு நிதி சேர்த்தா அது மட்டும் விதிவிலக்குன்னு சொல்லும். துரைமார் விளையாட்டு ஆச்சே! 1930ஆம் வருஷத்து சென்னை சூதாட்டச் சட்டத்தோட 11வது பிரிவு, திறமையை மட்டும் நம்பின ஆட்டத்துக்கு இந்தத் தண்டனை கிடையாதுன்னு ஒரு கதவைத் திறந்து வெச்சது. அப்புறம் வந்த வழக்கெல்லாம் அந்தக் கதவுக்குள்ள யாரை விடலாம்ங்கிற சண்டைதான்.

1949ல குதிரைப் பந்தயத்தையும் சூதுல சேர்த்து ஒரு திருத்தம் கொண்டுவந்தாங்க. அமலுக்கு வராம அப்படியே தூங்கிச்சு. 1974ல தமிழ்நாடு அரசு அதைத் தட்டி எழுப்பி, குதிரைப் பந்தயத்தை ஒழிக்க ஒரு சட்டம் போட்டது. ரேஸ் கிளப் தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. இழுத்து இழுத்து, 1996 ஜனவரி 12ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குதிரையோட பயிற்சி, ஜாக்கியோட திறமை, அதையெல்லாம் படிச்சுக் கணிக்கிறவரோட அறிவு, இதெல்லாம் சேர்ந்து அதிர்ஷ்டத்தை விட அதிகமா வேலை செய்யறதால குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம்தான்னு முடிச்சாங்க. கே.ஆர். லட்சுமணன் வழக்குன்னு சட்டக்காரங்க சொல்வாங்க. இதுக்கு முன்னாடியே 1967ல ஆந்திரா வழக்கு ஒண்ணுல ரம்மிக்கும் திறமை ஆட்டம்ங்கிற சான்றிதழ் கிடைச்சிருந்தது. இந்த ரெண்டு தீர்ப்பையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கிண்டி மைதானத்தோட குத்தகையை 2024 செப்டம்பர்ல அரசு ரத்து பண்ணினது தனிக்கதை.

திறமையே இல்லாத பக்கமும் ஒண்ணு இருந்தது. பரிசுச் சீட்டு. 1968ல அரசே தொடங்கினது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ங்கிற வாசகம் நம்ம அப்பாக்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 2003 ஜனவரியில லாட்டரி மொத்தத்துக்கும் தடை வந்தது. விழாத வீடுகள்தான் அதிகம்.

மோட்டார் பந்தயம் இந்தச் சண்டையில எங்கயும் வராது. அது மெட்ராஸ்ல வளர்ந்த விதமே வேற. ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சோழவரத்துல சும்மா கிடந்தது. 1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க காரும் பைக்குமா ஓட்டி, ஊரே வேடிக்கை பாக்கிற திருவிழாவா மாத்திச்சு. 1990ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில சொந்தத் தடம் போட்டாங்க. கோயம்புத்தூர்ல கரிவரதன்னு ஒருத்தர் மாருதி இன்ஜினை வெச்சே குறைஞ்ச செலவுல ஒற்றை இருக்கை ரேஸ் கார் செஞ்சு ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தார். 1995ல விமான விபத்துல போயிட்டார். அந்த ஊர்லேர்ந்து வந்தவர்தான் நரேன் கார்த்திகேயன். அவர்கிட்ட கொஞ்ச நேரத்துல வருவோம்.

எங்க ஊர்ப் பந்தயம்

எனக்குச் சொந்த ஊர் பசுவந்தனை. கோவில்பட்டிலேர்ந்து கிழக்கே, ரெண்டு பக்கமும் கரிசக்காடு. மழை பெஞ்சா கால் எடுத்து வைக்க முடியாது, காஞ்சா விரல் போற அளவு வெடிப்பு. எங்களுக்கு ரேஸ்னா மாட்டுவண்டிதான். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிவு பிரிவா ஓடும். எஃப் ஒன், எஃப் டூ, எஃப் த்ரீ மாதிரி வெச்சுக்கோங்களேன். ஓட்டுறவரைச் சாரதின்னு மரியாதையாத்தான் சொல்லுவோம். ரோட்டோரம் நிக்கிற பெருசுங்க, மாட்டை நாலு எட்டு நடக்கவிட்டுப் பாத்துட்டே, "ஏ மக்கா, வலத்து மாடு இன்னிக்குச் சரியில்ல, திரும்புறப்ப இழுக்கும் பாரு"ம்பாங்க. தொண்ணூறு சதவீதம் அதேபடி நடக்கும். டெலிமெட்ரி எல்லாம் அவங்க கண்ணுலதான். கட்டுற பந்தயம் ஒரு டீ, ரெண்டு வடை. தோத்தவரும் சேர்ந்தே குடிப்பார்.

அதே ஊர்ல இன்னொண்ணும் பாத்தேன். எங்க தெருவுல ஒரு அண்ணன். என்னை விட ஆறேழு வயசு பெரியவர். எனக்கு டூவீலர் ஓட்டக் கத்துக்கொடுத்தவர். கொரோனா ஊரடங்குல வேலையில்லாம ஊருக்கு வந்தவர் போன்ல ரம்மி ஆட ஆரம்பிச்சார். முதல்ல ஜெயிச்சார். அதான் வினையே. அப்புறம் விட்டதைப் பிடிக்க, அப்புறம் பிடிச்சதை விட. ஒரு நாள் அவங்க அம்மா எங்க வீட்டு நடையில உக்காந்து எங்கம்மாகிட்ட சொன்னாங்க. ரெண்டு ஏக்கர் கரிசல், உளுந்தும் பருத்தியும் போடற நிலம், போயிடுச்சு. "மழை ஏமாத்துனா அடுத்த வருஷம் குடுக்கும் தாயி. இது குடுக்கவே குடுக்காதாம்ல"ன்னாங்க. அதுக்கு மேல சொல்ல அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல, எங்கம்மாவுக்கும் இல்ல.

அந்த அண்ணன் ஆடினதும் சட்டப்படி "திறமை ஆட்டம்"தான். மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்தத் தீர்ப்புகள் திறந்த கதவு வழியாத்தான் அந்த ஆப் எல்லாம் உள்ள வந்தது. 2020 நவம்பர்ல தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதுக்கப்புறம் அதைச் சட்டமாவே கொண்டுவந்தாங்க, 2021 ஆகஸ்ட்ல உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு, 2022ல புதுச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்ல மறுபடி நிறைவேத்தி ஏப்ரல்ல ஒப்புதல். அந்த நவம்பர்லயே உயர் நீதிமன்றம், சட்டம் இருக்கட்டும், ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியல்லேர்ந்து எடுங்கன்னுச்சு. கடைசியில 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம், காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதுல திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வியையே ஓரமா வெச்சுட்டாங்க.

எனக்கு அது சரியான இடமாப் படுது. நூத்தம்பது வருஷமா சட்டம் கேட்டது, ஆட்டத்துல திறமை எவ்வளவு இருக்குன்னு. அந்த அண்ணன் வீட்டுல கேக்க வேண்டிய கேள்வி, எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கிறது யாரு, ஆட்டம் எப்ப முடியும்ங்கிறது. டீக்கடைப் பந்தயம் வடையோட முடிஞ்சுடும். ஆப்புல ராத்திரி ரெண்டு மணிக்கும் அடுத்த கை தயார். ஒல்லரோட உண்டியல் மாதிரி அதுவும் ஒவ்வொரு கைக்கும் தன் பங்கை எடுத்துக்கிட்டே இருக்கும். நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு அதுக்குக் கவலையே இல்ல. அந்தக் கவலையில்லாத்தனம் மைதானத்துல நியாயம், ஏன்னா மாலையில மைதானத்தைப் பூட்டிடுவாங்க. பாக்கெட்டுக்குள்ள இருக்கிற மைதானத்துக்குப் பூட்டு ஏது?

இண்டியானாபோலிஸ் பரீட்சை

இவ்வளவும் டீமுக்குச் சொன்னப்ப ஒருத்தர், "அட, நாங்கல்லாம் ரேஸ் தெரிஞ்சவங்க, கணிச்சுப் போடறோம், இது அதிர்ஷ்டம் இல்ல"ன்னார். சரி, பரீட்சை வெச்சுடுவோம்னு பழைய ரேஸ் சிலதை எடுத்து எங்க புள்ளி முறையில ஓட்டிப் பாத்தேன்.

2005 ஜூன் 19, அமெரிக்க கிராண்ட் ப்ரீ, இண்டியானாபோலிஸ். அதுவரைக்கும் அந்த சீசன்ல ஃபெராரி ஒரு ரேஸ் கூட ஜெயிக்கல. அலோன்சோவும் ரைக்கோனனும்தான் மாத்தி மாத்தி அள்ளிக்கிட்டிருந்தாங்க. விவரம் தெரிஞ்ச யாரும் அவங்க பேரைத்தான் மேல எழுதியிருப்பாங்க. வெள்ளிக்கிழமை பயிற்சியில, சாய்வான பதிமூணாவது வளைவுல டயர் போய் ரால்ஃப் ஷூமாக்கர் சுவத்துல மோதினார். எங்க டயர் இந்த வளைவைத் தாங்காதுன்னு மிஷெலின் கம்பெனியே கையை விரிச்சுட்டது. அங்க ஒரு தடுப்பு வளைவு போட்டு வேகத்தைக் குறைங்கன்னு கேட்டாங்க. விதியை மாத்த முடியாதுன்னுட்டது சர்வதேச அமைப்பு. ஞாயித்துக்கிழமை இருபது காரும் ஒரு சுற்று போச்சு. அப்புறம் மிஷெலின் டயர் போட்ட பதினாலும் வரிசையா பிட்டுக்குள்ள திரும்பிடுச்சு. முதல் இடத்துல நிக்க வேண்டிய யார்னோ ட்ரூலி உட்பட. மிச்சம் ஓடினது ஆறே கார்.

மைக்கேல் ஷூமாக்கர், பாரிசெல்லோ, மான்டேரோ. நாலாவது? நம்ம நரேன் கார்த்திகேயன். அன்னிக்குக் கிடைச்ச 5 புள்ளிதான் ஃபார்முலா ஒன்ல இந்திய ஓட்டுநர் ஒருத்தர் எடுத்த ஒரே புள்ளிக் கணக்கு, இன்னிக்கு வரைக்கும்.

எங்க தாள்ல இதைப் போட்டா, அலோன்சோ, ரைக்கோனனை மேல எழுதி ஷூமாக்கரை அஞ்சாவதா வெச்ச நிபுணருக்கு 4 புள்ளி. ரேஸே பாக்காம, "நம்ம ஊர் பையன், நாலாவது வருவான்"னு எழுதின அப்பாவிக்கு 10. நூறு ரூபா வெச்சிருந்தா, நிபுணர் பணம் அப்பாவிக்குப் போயிருக்கும். நாம சிரிச்சிருப்போம். அடுத்த ரேஸுக்கு அந்த அப்பாவி, தனக்குக் கணிக்கத் தெரியும்னு நம்பி ஐநூறு வெச்சிருப்பார். அங்கதான் அண்ணன் கதை ஆரம்பிக்குது.

இன்னும் ரெண்டு பாருங்க. 2021 ஆகஸ்ட் 29, பெல்ஜியம். விடாத மழை. பாதுகாப்பு காருக்குப் பின்னாடி ஊர்வலம் போய், ஒரு முந்தல் கூட இல்லாம, முடிஞ்சுதுன்னு பாதிப் புள்ளி கொடுத்தாங்க. 2024 ஜூலை 28, அதே பெல்ஜியம். ஜார்ஜ் ரஸல் ஜெயிச்சு மேடையேறி இறங்கினப்புறம் எடை போட்டா கார் ஒன்றரை கிலோ கம்மி. தகுதிநீக்கம். வெற்றி ஹாமில்டனுக்கு. பரிசு பிரிச்சுக் கொடுத்தப்புறம் இப்படி ஒரு சேதி வந்தா பணத்தை எப்படித் திரும்ப வாங்குவீங்க? மிட்டாய்னா பரவாயில்ல, தின்னுட்டான், போகட்டும்னு விட்டுடலாம். அதுக்கப்புறம் எங்க விதியில ஒரு வரி சேர்த்தேன்: முடிவுங்கறது திங்கக்கிழமை காலையில அதிகாரபூர்வப் பட்டியல்ல இருக்கறதுதான்.

இந்தப் பரீட்சை முடிவைக் காட்டினப்புறம் நூறு ரூபாப் பேச்சு நின்னுடுச்சு. ஒருத்தர் மட்டும், "அப்ப கணிக்கிறதுக்கு அர்த்தமே இல்லியா ஜி"ன்னு கேட்டார். ஏன் இல்ல? எங்க பக்கம் வானத்தைப் பாத்து, மழைக்கு முன்னாடியே புழுதியில விதைச்சுட்டுக் காத்திருக்கிற சம்சாரியும் கணிக்கத்தான் செய்றார். எறும்பைப் பாக்கறார், காத்தைப் பாக்கறார், இப்ப போன்லயும் பாக்கறார். பாதி வருஷம் பலிக்கும், பாதி வருஷம் பலிக்காது. ஆனா அவர் ஒருநாளும் மொத்த விதையையும் ஒரே நாள்ல தூவ மாட்டார். கொஞ்சம் குலுக்கையில கிடக்கும்.

அடுத்த ரேஸுக்குத் தாள் சனிக்கிழமை தகுதிச்சுற்றுக்கு அரை மணி முன்னாடி பூட்டிடுவேன். உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒண்ணு நடத்தினா, விதியை எப்படி வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க மக்கா, நல்லதா இருந்தா சுட்டுக்கறேன்.